டிரையர் கொதிக்கிறதா? முதலில் காற்றைத் தேடுங்கள்

மலேசியாவின் கெடா மாநிலத் தோட்டங்களில் ரப்பர் ஷீட்டுகளைப் புகைக்கூடத்தில் உலர்த்துவதற்குக் கண்டிப்பான ஒரு முறை இருந்தது. முதல் நாள் நெருப்பு மிதமாக எரிய வேண்டும். கூரையிலுள்ள காற்றுத் திறப்பு நன்றாகத் திறந்திருக்க வேண்டும். சுமார் 40 டிகிரி செல்சியஸில் தொடங்கி, நான்கைந்து நாட்களில் 60 டிகிரி வரை மெல்ல ஏற்றுவார்கள். ஈரம் வெளியேற வழி விடாமல் நெருப்பை மட்டும் கூட்டினால் ஷீட்டுக்குள் கொப்புளம் கட்டும், ரப்பர் இளகிப் பிசுபிசுக்கும், தரம் இறங்கிவிடும். கழியிலிருந்து ஒரு ஷீட் நழுவி நெருப்பில் விழுந்தால் கூடமே பற்றிக்கொள்ளும்.

அந்தத் தோட்டங்களில் பால்வெட்டிய குடும்பங்களின் அடுத்த தலைமுறை இன்று சுங்கைப் பட்டாணியிலும் கூலிமிலும் பாடாங் செராயிலும் தாமான் வீடுகளில் வாழ்கிறது. பலருடைய வீட்டின் பின்கட்டில் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் டிரையர் ஒன்று நிற்கிறது. இல்லாதவர்களுக்குக் கடைத்தெருவில் நாணயம் போட்டால் ஓடும் டோபிக் கடை இருக்கிறது. புகைக்கூடத்தை ஆண்ட அதே இயற்பியல்தான் இந்த இயந்திரத்தையும் ஆள்கிறது.

“டிரையர் ரொம்பச் சூடாகுது” என்று சொல்பவர் அநேகமாக அடுத்த வாக்கியத்திலேயே ஹீட்டரைக் குறை சொல்வார். வேலை செய்கிற ஹீட்டர் திடீரென்று தன் அளவை மீறிச் சூடு தருவது அரிது. பெரும்பாலான வீடுகளில் ஹீட்டர் என்றும் தரும் சூட்டையே தந்துகொண்டிருக்கும். அதை எடுத்துச் செல்ல வேண்டிய காற்று எங்கோ தடைப்பட்டு நிற்கும். அதனால் பழுது பார்ப்பதை ஹீட்டரிலிருந்து தொடங்காமல் காற்றின் பாதையிலிருந்து தொடங்க வேண்டும். செலவும் குறையும், ஆபத்தும் குறையும்.

ஈரமான காற்றில் உலர்த்துவது

கெடாவில் ஜனவரியும் பிப்ரவரியும் வறண்ட மாதங்கள். கொடியில் போட்ட துணி மதியத்துக்குள் காய்ந்துவிடும். செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை மழை கனக்கும்போது நிலைமை வேறு. இந்தச் சிக்கல் துணியோடு நிற்பதில்லை. மூடா நீர்ப்பாசனத் திட்டத்தால் 1970-ஆம் ஆண்டிலிருந்து கெடாச் சமவெளியில் ஆண்டுக்கு இரண்டு போகம் விளையத் தொடங்கியது. ஒரு போகத்தின் அறுவடை மழை மாதங்களில் வந்து விழுந்ததால் நெல்லை வெயிலில் காயவைப்பதை மட்டும் நம்ப முடியவில்லை. சூடான காற்றை ஊதும் உலர்த்திகள் ஆலைகளில் அவசியமாயின. ரப்பர், நெல், துணி மூன்றுக்கும் இந்த மண்ணில் ஈரக் காற்றுதான் எதிரி.

கணக்கைப் பாருங்கள். 30 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று அதிகபட்சம் சுமார் 30 கிராம் நீராவியை ஏந்தும். ஈரப்பதம் 80 விழுக்காடாக இருக்கும் நாளில் அதில் 24 கிராம் ஏற்கெனவே நிறைந்திருக்கும். மிச்சமிருக்கும் இடம் வெறும் 6 கிராம். அதே காற்றை 70 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் கொள்ளளவு கனமீட்டருக்கு ஏறக்குறைய 200 கிராமாகிவிடும். ஈரப்பதம் 11 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். டிரையர் செய்யும் வேலை இதுதான். ஈரக் காற்றைத் தாகமுள்ள காற்றாக மாற்றித் துணிக்குள் அனுப்புகிறது. நீரைக் குடித்த காற்றை வெளியே தள்ளுகிறது. தள்ளாவிட்டால் சில நிமிடங்களில் அந்தக் காற்றும் நிறைந்துவிடும்.

நீரை ஆவியாக்க நிறைய ஆற்றல் வேண்டும். துணியிலுள்ள ஒரு கிலோ நீரை ஆவியாக்கச் சுமார் 2,400 கிலோஜூல் செலவாகிறது. ஐந்து கிலோ துணியைத் துவைத்துப் பிழிந்த பிறகும் அதில் இரண்டரை முதல் மூன்று கிலோ நீர் தங்கியிருக்கும். மூன்று கிலோவுக்குக் கணக்குப் பார்த்தால் இரண்டு யூனிட் மின்சாரம். 2,000 வாட் ஹீட்டர் ஒரு துளிச் சூட்டையும் வீணாக்காமல் உழைத்தாலும் ஒரு மணி நேரம் ஆகும். எனவே நன்றாகப் பிழியாத துணியைப் போட்டுவிட்டு டிரையர் நேரம் எடுப்பதைப் பழுது என்று எண்ணக் கூடாது.

துணியில் ஈரம் இருக்கும்வரை, வரும் வெப்பத்தின் பெரும்பகுதியை நீர் ஆவியாவதற்கே எடுத்துக்கொள்கிறது. அதனால் உள்ளே நுழையும் காற்று 70 டிகிரியைத் தாண்டியிருந்தாலும் துணி அந்த அளவுக்குச் சூடேறாது. நீர் தீர்ந்ததும் அந்தக் காப்பும் தீர்ந்துவிடும். துணியின் வெப்பம் விறுவிறுவென்று ஏறும். கனமான பருத்தித் துண்டையும் மெல்லிய பாலியெஸ்டர் பள்ளிச் சீருடையையும் ஒன்றாகப் போடுவதால் வரும் தொல்லை இதுதான். துண்டு இன்னும் ஈரமாக இருக்கும்போதே சீருடை முற்றிலும் காய்ந்து வெந்துகொண்டிருக்கும். இடுப்புப் பட்டியின் ரப்பர் நூல் தளர்வதற்கும் அச்சிட்ட படங்கள் வெடிப்பதற்கும் பல நேரங்களில் இந்தக் கலப்பே காரணம். துணியைப் பிரித்துப் போட்டால் பாதிப் புகார்கள் மறையும்.

காற்று பாதியானால் என்ன ஆகும்?

2,000 வாட் ஹீட்டரும் விநாடிக்கு 40 லிட்டர் காற்றைத் தள்ளும் விசிறியும் உள்ள ஒரு டிரையரை எடுத்துக்கொள்வோம். அந்தக் காற்றின் எடை விநாடிக்குச் சுமார் 46 கிராம். ஒரு கிலோ காற்றை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 1,000 ஜூல் தேவை. வகுத்துப் பார்த்தால் ஹீட்டரைக் கடக்கும் காற்று 43 டிகிரி சூடேறும். 30 டிகிரியில் நுழைந்த காற்று 73 டிகிரியில் டிரம்முக்குள் போகும். இது இயல்பான நிலை.

இப்போது எங்கோ ஓர் அடைப்பு ஏற்பட்டுக் காற்று பாதியாகக் குறைகிறது. ஹீட்டர் அதே 2,000 வாட்டைத்தான் தருகிறது. ஆனால் அதைச் சுமக்கும் காற்று பாதிதான் என்பதால் வெப்ப ஏற்றம் இரண்டு மடங்காகி 87 டிகிரியைத் தொடுகிறது. டிரம்முக்குள் நுழையும் காற்று 117 டிகிரி. ஹீட்டரில் ஒரு குறையும் இல்லாமலே கருகல் வாடை வருவதற்கு இந்த எளிய வகுத்தல் கணக்கு போதும். காற்று மேலும் குறைந்தால் ஹீட்டர் கம்பியே தன் சூட்டை இழக்க வழியின்றிச் சிவந்து கனலும். ஒரு பொருள் கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிகிறதென்றால் அதன் வெப்பம் 500 டிகிரியைத் தாண்டிவிட்டது என்று பொருள். அதன்மேல் விழும் பஞ்சுத்தூசு பற்றிக்கொள்ள நேரம் பிடிக்காது.

இன்னொரு முரணும் இந்த நிலையில் உண்டு. சூடு கூடினாலும் துணி சீக்கிரம் காயாது. ஈரத்தை ஏற்றிச் செல்லும் காற்றே குறைந்துவிட்டதால் உலரும் நேரம் நீளும். முன்பு ஒரு சுற்றில் காய்ந்த துணிக்கு இப்போது இரண்டு சுற்று வேண்டியிருக்கிறது, டிரையரின் மேற்பகுதியும் தொட முடியாத அளவு சூடாக இருக்கிறது என்றால் காற்றுத் தடையை உறுதியாகச் சந்தேகிக்கலாம்.

உண்மையிலேயே சூடு மிகுந்ததா?

ஓடும் டிரையரின் உடல் வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு. கவலைப்பட வேண்டிய அறிகுறிகள் வேறு: கருகல் வாடை, துணியில் பழுப்புத் தழும்பு, கையில் பிடிக்க முடியாத சூட்டில் வெளிவரும் பொத்தான்களும் ஜிப்புகளும், சுற்று முடியும் முன்பே நின்றுவிடும் இயந்திரம். சமையலறையில் பயன்படும் ஊசி வெப்பமானி இருந்தால் வெளிக்குழாயின் வாயில் வைத்து அளந்து பார்க்கலாம். வெளியேறும் காற்று 50 முதல் 70 டிகிரிக்குள் ஏறி இறங்கினால் பொதுவாக அச்சமில்லை. இறங்காமல் ஏறிக்கொண்டே போனால் இயந்திரத்தை நிறுத்திவிட வேண்டும்.

அளக்கும்போதே காற்றின் வேகத்தையும் கையால் உணர்ந்து பாருங்கள். வெளிக்குழாயில் பலமாக அடிக்க வேண்டிய காற்று முனகலாக வந்தால் விடை பாதி கிடைத்துவிட்டது.

பார்க்க வேண்டிய வரிசை

முதலில் பிளக்கைக் கழற்றி, இயந்திரம் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு பஞ்சுத்தூசு வலை. ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் அதைத் துடைக்கிறவர்கள்கூட ஒன்றைக் கவனிப்பதில்லை. துணி மென்மையாக்கும் திரவமும் வாசனைத் தாள்களும் கண்ணுக்குத் தெரியாத மெழுகுப் படலமாக வலையின் துளைகளை அடைத்துவிடும். வலையைக் குழாயடியில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் இறங்காமல் மேலே தேங்கினால் காற்றும் அப்படித்தான் தேங்கியிருக்கிறது. சோப்பு நீரும் பழைய பல்துலக்கியும் கொண்டு தேய்த்துக் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். வலை உட்காரும் குழிக்குள் இருக்கும் தூசையும் தூசியுறிஞ்சியால் எடுங்கள்.

இரண்டாவது, வெளியேற்றுக் குழாய். இயந்திரத்தைச் சுவரோடு ஒட்டித் தள்ளியதால் குழாய் நசுங்கியிருக்கலாம். மடிப்பு மடிப்பான பிளாஸ்டிக் குழாயிலும் மெல்லிய தாள் போன்ற குழாயிலும் ஒவ்வொரு மடிப்பிலும் தூசு படியும். பிளாஸ்டிக் எரியவும் செய்யும். உட்புறம் வழவழப்பான உலோகக் குழாயே நல்லது. நீளம் குறைவாகவும் வளைவுகள் குறைவாகவும் இருக்க வேண்டும். ஒவ்வொரு வளைவும் விசிறிக்குக் கூடுதல் சுமை.

மூன்றாவது, சுவருக்கு வெளியே இருக்கும் மடல். நம் ஊரில் இதைத் தவறாமல் பார்க்க வேண்டும். வெதுவெதுப்பும் மறைவும் உள்ள இடத்தைக் குளவியும் மைனாவும் பல்லியும் விடாது. வெளியே வலைக்கம்பி கட்டிப் பூச்சியைத் தடுக்க நினைப்பவர்களும் உண்டு. அந்த வலையிலேயே பஞ்சுத்தூசு படிந்து குழாயை மூடிவிடும்.

நான்காவது, டிரையர் நிற்கும் இடம். பின்கட்டைக் கூரையும் கண்ணாடியும் போட்டு அடைத்துவிட்டு, டிரையரின் காற்றை அதற்குள்ளேயே விடும் வீடுகள் இருக்கின்றன. வெளியேறிய சூடான ஈரக் காற்றையே இயந்திரம் மறுபடி இழுக்கிறது. நுழையும் காற்று 30 டிகிரிக்குப் பதில் 40 ஆனால், உள்ளே நடக்கும் எல்லாமே பத்து டிகிரி மேலே நகர்ந்துவிடும். வெளிக்குழாய் போட வழியில்லாத அடுக்குமாடி வீட்டுக்கு, காற்றை உள்ளேயே குளிர்வித்து நீரைத் தனியாகப் பிரிக்கும் வெப்ப எக்கி (ஹீட் பம்ப்) வகை டிரையர் பொருந்தும். அது குறைந்த வெப்பத்தில் உலர்த்துகிறது, மின்சாரத்தையும் மிச்சப்படுத்துகிறது. ஆனால் அதிலும் வடிகட்டியும் குளிர்விக்கும் தகடுகளும் அடைத்தால் இதே கதைதான்.

ஐந்தாவது, மின் இணைப்பு. 2,500 வாட் டிரையர் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 11 ஆம்பியர் இழுக்கும். மும்முனைப் பிளக்கின் எல்லையே 13 ஆம்பியர். நீட்டிப்பு வயரில் பிரிட்ஜோடும் சாதக் குக்கரோடும் சேர்த்து மாட்டினால் சூடாவது பிளக்காக இருக்கும். பிளக் பழுப்பேறியிருந்தால் டிரையரை ஓட்டாமல் மின்பணியாளரை அழைப்பதே சரி.

உறைக்குள்ளே

காற்றின் பாதை முழுவதும் சுத்தமாக இருந்தும் சூடு அடங்கவில்லை என்றால்தான் உறையைத் திறக்கும் கட்டம். இது பயிற்சி பெற்றவரின் வேலை. ஆனாலும் அவர் எதைத் தேடுகிறார் என்று தெரிந்திருந்தால் சரியான கேள்விகளைக் கேட்க முடியும்.

விசிறிச் சக்கரத்தின் நடுத்துளை தேய்ந்தால் மோட்டார் தண்டு சுற்றும், சக்கரம் வழுக்கும். சத்தம் இருக்கும், காற்று இருக்காது. டிரம்மைச் சுற்றியுள்ள கம்பளி வளையம் தேய்ந்தால் காற்று குறுக்கு வழியில் கசியும். ஹீட்டரின் சுருள் கம்பி தொய்ந்து தன்னோடு தானே ஒட்டிக்கொண்டால் கம்பியின் ஒரு பகுதி மின்சுற்றிலிருந்து விலகிவிடும். மின்தடை குறையும், சூடு கூடும். ஹீட்டர் உண்மையிலேயே குற்றவாளியாகும் அரிய தருணம் இது. அந்தக் கம்பி உலோக உறையைத் தொட்டால் நிலமின் கசிவிலிருந்து காக்கும் முறிப்பான் விழுந்துவிடும். அப்படி விழுவதைத் தொல்லையாக நினைத்து மீண்டும் மீண்டும் ஏற்றிவிடக் கூடாது.

வெப்பத்தை அளந்து ஹீட்டரை அணைத்து ஏற்றுவது தெர்மோஸ்டாட். பழைய வகையில் இரண்டு உலோகங்கள் ஒட்டிய சிறு தட்டு சூட்டில் வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். ஆறியதும் மீண்டும் இணைக்கும். பல்லாயிரம் தடவை இப்படித் திறந்து மூடியபின் அதன் முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளக்கூடும். அப்போது ஹீட்டர் அணையவே அணையாது. புதிய இயந்திரங்களில் தெர்மிஸ்டர் என்னும் சிறு உணரி இந்த வேலையைச் செய்கிறது. அதன்மேல் பஞ்சுத்தூசு போர்த்தினால் உண்மையான சூட்டைத் தாமதமாகவே உணரும். ஹீட்டர் தேவைக்குமேல் எரியும். இங்கும் மூலகாரணம் தூசுதான்.

இவை எல்லாம் தவறும்போது கடைசியாக நிற்பது வெப்ப உருகி. குறித்த வெப்பத்தைத் தாண்டியதும் ஒரே ஒரு முறை அறுந்து இயந்திரத்தையோ ஹீட்டரையோ நிறுத்திவிடும். பல டிரையர்கள் “செத்துப்போவது” இந்த உருகி தன் கடமையைச் செய்ததால்தான். சில ரிங்கிட் விலையுள்ள பொருள் என்பதால் அதை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டுப் போகும் பழக்கம் இருக்கிறது. அதைவிட மோசம், ஒரு துண்டு வயரால் அதைத் தாண்டி இணைத்துவிடுவது. அப்படிச் செய்த டிரையர் மறுபடி ஓடும். வீட்டுக்கும் நெருப்புக்கும் நடுவில் இருந்த கடைசிக் காவல் போயிருக்கும். உருகி ஏன் அறுந்தது என்று சொல்லாத பழுதுபார்ப்பு முடிந்த வேலை ஆகாது.

உலகம் கற்ற பாடம்

அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையிலான தீவிபத்துகளை ஆராய்ந்தபோது, குடியிருப்புகளில் ஆண்டுக்குச் சுமார் 2,900 டிரையர் தீவிபத்துகள் நடந்ததாக மதிப்பிட்டது. காரணங்களில் முதலிடம், 34 விழுக்காட்டுடன், சுத்தம் செய்யத் தவறியது.

பிரிட்டனில் 2015 நவம்பரில் வேர்ல்பூல் நிறுவனம், அப்போது தன் கீழிருந்த ஹாட்பாயின்ட், இன்டெசிட் உள்ளிட்ட பெயர்களில் 2004 முதல் 2015 வரை தயாரான டிரையர்களில் பஞ்சுத்தூசு ஹீட்டரைத் தொடக்கூடும் என்று அறிவித்தது. இலட்சக்கணக்கான வீடுகளில் இருந்த இயந்திரங்கள் அவை. 2016 ஆகஸ்ட் 19 அன்று இலண்டனின் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடம் பற்றியெரிந்தது. பழுதான ஒரு டிரையரிலிருந்து தீ தொடங்கியதாகத் தீயணைப்புப் படை கண்டறிந்தது. 2019-இல் மிச்சமிருந்த அந்த வேர்ல்பூல் இயந்திரங்களைத் திரும்பப் பெறும் நடவடிக்கை எடுக்கப்பட்டது. தூசு தேங்கும் இடத்தையும் கனலும் கம்பியையும் பிரித்து வைப்பது வடிவமைப்பாளரின் கடமை. அதில் குறை இருந்தால் வீட்டுக்காரர் எவ்வளவு சுத்தம் செய்தும் பயனில்லை. எனவே உங்கள் மாதிரி எண் எங்காவது திரும்பப் பெறப்பட்டிருக்கிறதா என்று தயாரிப்பாளரிடம் கேட்பதும் சோதனையின் ஒரு பகுதிதான்.

எண்ணெய்த் துணியும் ரப்பர் நுரையும்

டிரையர் நன்றாக இருந்தும் தீப்பற்றும் வழி ஒன்று உண்டு. தமிழ்க் குடும்பங்களும் உணவகம் நடத்துபவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சமையல் எண்ணெய்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு மெல்ல வினைபுரியும். அப்போது வெப்பம் வெளிப்படும். துணி இழைகளில் பரவிய எண்ணெய்க்குக் காற்றுபடும் பரப்பு மிக அதிகம். டிரையரின் சூடு இந்த வினையைத் தூண்டிவிடும். சூடான துணியைக் குவியலாக மடித்து அடுக்கினால் உள்ளே பிறக்கும் வெப்பம் வெளியேறாது. வினை மேலும் வேகமெடுக்கும். பல மணி நேரம் கழித்து, எல்லாரும் உறங்கும் வேளையில், துணிக்குவியல் தானாகப் புகையத் தொடங்கும்.

எல்லா எண்ணெயும் ஒன்றல்ல. எண்ணெய் எவ்வளவு எளிதில் ஆக்சிஜனோடு சேரும் என்பதை அயோடின் எண் காட்டும். தேங்காய் எண்ணெய்க்கு அது சுமார் 10. செம்பனை எண்ணெய்க்கு 50-க்கு மேல். நல்லெண்ணெய்க்கு 100-க்கு மேல். தீபாவளி எண்ணெய்க் குளியலுக்குப் பின் தலை துவட்டிய துண்டுகள், தோசைக்கல் துடைத்த துணி, எண்ணெய்ப் பிசுக்கோடு வரும் சமையற்காரரின் மேலாடை இவையெல்லாம் எச்சரிக்கையாகக் கையாள வேண்டியவை. சாதாரணமாக ஒருமுறை துவைத்தால் எண்ணெய் முழுதும் போகாது. வெந்நீரிலும் கூடுதல் சோப்பிலும் துவைத்து, எண்ணெய் வாடை இருக்கும்வரை கொடியில் காயவைப்பதே பாதுகாப்பு.

ரப்பர் மரங்களுக்கிடையே வளர்ந்த ஊரார் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். ரப்பர் நுரைத் தலையணை, நுரை வைத்த உள்ளாடை, ரப்பர் அடிப்புறமுள்ள கால்மிதி ஆகியவற்றை டிரையரில் போடக் கூடாது. நுரைக்குள் இருக்கும் எண்ணற்ற அறைகள் வெப்பத்தைப் பிடித்து வைக்கும். ரப்பரும் ஆக்சிஜனோடு வினைபுரியும் பொருள்.

சுற்றின் கடைசிச் சில நிமிடங்களில் ஹீட்டர் அணைந்து வெறும் காற்று ஓடுவது துணியை ஆறவைப்பதற்காக. அவசரத்தில் நடுவில் நிறுத்திச் சூடான துணியைக் கூடையில் அமுக்கிக் கட்டினால் அந்தப் பாதுகாப்பு வீணாகும். நிறுத்த வேண்டியிருந்தால் துணியை உடனே உதறிப் பரப்பிவிடுங்கள்.

டோபிக் கடைகளில் பொறுப்பு இன்னும் கூடுதல். எரிவாயுவில் ஓடும் பெரிய டிரையரில் காற்று குறைந்தால் சூடு மிகுவதோடு எரிவாயு முழுமையாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு உருவாகும் ஆபத்தும் சேரும். பகலிரவாக ஓடும் இயந்திரங்களின் வலைகளைத் தினமும் சுத்தம் செய்வதும், கூரை வரை போகும் குழாயைக் குறித்த காலத்தில் உட்புறம் துலக்குவதும், எரிவாயு வேலையைத் தகுதியுள்ளவரிடம் மட்டும் ஒப்படைப்பதும் கடைக்காரரின் கடமை. ஆளில்லாத கடையில் கருகல் வாடை வந்தால் வாடிக்கையாளர் நிறுத்தும் பொத்தானை அழுத்தலாம், சுவரில் எழுதியிருக்கும் எண்ணுக்கு அழைக்கலாம்.

புகையே வந்துவிட்டால் டிரையரின் கதவைத் திறக்காதீர்கள். திறந்தால் உள்ளே கனல்வதற்குப் புதிய காற்று கிடைக்கும். அணுக முடிந்தால் மின்சாரத்தை மெயின் சுவிட்சில் துண்டித்துவிட்டு, வீட்டிலுள்ளவர்களை வெளியேற்றி, 999-ஐ அழையுங்கள்.

இவ்வளவும் செய்ய ஆகும் செலவு மிகக் குறைவு. வலையைக் கழுவ ஒரு பழைய பல்துலக்கி, குழாயைத் துலக்க ஒரு நீண்ட தூரிகை, மாதத்துக்கு ஒரு முறை வெளி மடலைப் பார்க்க இரண்டு நிமிடம், மழை மாதங்கள் தொடங்கும் முன் குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்ய ஒரு விடுமுறை நாள் காலை. புதிய டிரையர் வாங்குவதற்கு முன்பும், ஹீட்டரை மாற்றச் சொல்வதற்கு முன்பும் இந்த வேலைகளைச் செய்து முடியுங்கள். அதன் பிறகும் சூடு அடங்காத இயந்திரத்தை மட்டும் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். அவர் எதை மாற்றினாலும், காற்று எவ்வளவு வருகிறது என்று உங்கள் முன்னால் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.